மேகாத்து கொடுத்த அரை மணி

ஆடி மாதத்தில் கண்டமனூரிலிருந்து கடமலைக்குண்டுக்குச் சைக்கிளில் போகிறவர்களைப் பார்த்தால், எல்லோரும் யாரையோ கும்பிட்டுக்கொண்டே போகிற மாதிரி இருக்கும். ஹேண்டில்பாரில் நாடி முட்டுகிற அளவுக்குக் குனிந்தால்தான் மிதிக்க முடியும். கொஞ்சம் நிமிர்ந்தாலும் எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். மேற்கேயிருந்து மலைகளைத் தாண்டி வருகிற அந்தக் காற்றுக்கு எங்கள் பக்கம் மேகாத்து என்று பெயர். வைகாசிக் கடைசியில் ஆரம்பித்தால் புரட்டாசி வரைக்கும் ஓயாது. தகரக் கூரைமேல் கல் தூக்கி வைப்பதும், கொடியில் ஒவ்வொரு துணிக்கும் இரண்டு கிளிப் போடுவதும், மேற்குப் பக்கத்து ஜன்னலை நாலு மாதத்துக்குத் திறக்காமலே விடுவதும் எங்களுக்குப் பழக்கம்.

அந்தச் சாலையில் தூரம் கேட்டால் யாரும் கிலோமீட்டர் சொல்ல மாட்டார்கள். "போறதுக்கு ஒண்ணே முக்கா மணி, வாறதுக்கு முக்கா மணி" என்பார்கள். ஒரே சாலை, ஒரே சைக்கிள், ஒரே கால்தான். போகும்போது காற்று எதிரி, வரும்போது அதுவே பின்னால் நின்று தள்ளிவிடுகிற ஆள். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்குக் கடிகாரத்தில் முள் ஓடுவதைப் போல இதுவும் நம்பிக்கையான விஷயம். நான் அதை நம்பியதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். எனக்கு இருபத்தாறு வயது. கடமலைக்குண்டில் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுக்கிற வேலை. வீடு கண்டமனூரில். இடையில் இருக்கிற சாலையைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இரண்டு பக்கமும் மொட்டைக் கரடுகள், உச்சி தட்டையாக, வெயிலில் காய்ந்து கிடக்கும். அவற்றின் அடியில் மழைத்தண்ணீர் அறுத்துக்கொண்டுபோன செம்மண் பள்ளங்கள். சில பள்ளங்களில் ஆள் நின்றால் தலை தெரியாது. சீமைக்கருவேலும் கள்ளியும் தவிரப் பச்சை என்று சொல்ல ஒன்றும் இல்லை. வைகை அந்தப் பக்கமாகத்தான் போகிறது என்றாலும் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது மணல்தான். நிழலுக்கு ஒதுங்க மூன்றே இடம், மூன்றும் எனக்கு மனப்பாடம்.

காலையில் எனக்கேற்ற நேரத்தில் பஸ் இருந்தது. சாயங்காலம் வருகிற பஸ் ஆறு மணிக்கு மேல்தான் வரும். ஆறு மணிக்கு வந்தால் என் குடும்பம் ஓடாது. அதனால் சைக்கிள்.

ஏன் ஓடாது என்றால், என் வீட்டுக்காரருக்கு ஆண்டிபட்டிச் சாலையில் ஒரு நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட். மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். காலையில் அவர் வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வார், நான் கிளம்புவேன். சாயங்காலம் நான் வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வேன், அவர் கிளம்புவார். பிள்ளை பிறந்து ஐந்து மாதம். எங்கள் கல்யாணம் இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம். அந்தப் பக்கத்திலிருந்தும் உதவிக்கு யாரும் வரவில்லை, இந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. தெருவில் இருந்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் எல்லோரும் காட்டு வேலைக்குப் போய்விட்டு இருட்டித்தான் வருவார்கள். ஆக, பிள்ளைக்கு இருந்தது நாங்கள் இரண்டு பேர். ஒரு நேரத்துக்கு ஒருவர்.

மில் வேன் ஐந்து இருபதுக்கு எங்கள் தெரு முக்குக்கு வரும். ஆறு மணிக்கு மில் கேட் சாத்திவிடுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, அது எனக்கும் தொற்றி நான் படுத்துவிட்ட சமயத்தில் மாமா ஏற்கெனவே இரண்டு நாள் போகவில்லை. இன்னொரு தடவை வராவிட்டால் உன் மெஷினுக்கு வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஐந்து இருபதுக்கு முன்னால் நான் வாசலில் நிற்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நின்றேன். ஆடி முழுக்க, ஆவணி முழுக்க, ஒரு நாள் தவறாமல் ஐந்து மணிக்கு வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். சேலையை இறுக்கிச் செருகி, முந்தானையை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் சங்கிலியில் மாட்டாது. அப்படியும் முதுகுப் பக்கம் காற்று புகுந்து சேலை புடைத்துக்கொள்ளும். "என்னத்தா, கப்பல்ல வாறியா?" என்று டிராக்டர் டிரைவர் ஒருவர் என்னைக் கடக்கும்போதெல்லாம் கேட்பார். இறக்கத்தில் அந்த டிராக்டரை நான் இரண்டு தடவை முந்தியிருக்கிறேன். அவருக்கு அது ஞாபகம் இருந்திருக்கும். எனக்கு இருக்கிறது.

இப்போது பொய்க்கு வருகிறேன்.

வகுப்பு மூன்றரைக்கு முடிந்துவிடும். சாயங்கால வகுப்புகளை நிலையத்துக்காரரே ஐந்து மணிக்கு வந்து திறந்து எடுப்பார். மூன்றரைக்குப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் மேகாத்தில் நாலே காலுக்கு வீடு. ஆனால் நாலு மணிக்குத்தான் வகுப்பு முடிகிறது என்று வீட்டில் சொல்லியிருந்தேன். கடைசிப் பெண் படியிறங்கிப் போனதும் மெஷின்களுக்கு உறை மாட்டிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மேற்கு ஜன்னலுக்கு எதிரே உட்காருவேன். அந்த ஜன்னலைத் தேங்காய்க் கயிற்றால் கட்டிவைத்திருந்தோம். காற்று அதை ஆட்டிக்கொண்டே இருக்கும். டக்டக், டக்டக் என்று சத்தம். நான் ஒன்றும் செய்ய மாட்டேன். படிக்க மாட்டேன், யோசிக்கவும் மாட்டேன். நாலு பத்து வரைக்கும் அப்படியே இருந்துவிட்டு எழுந்திருப்பேன்.

இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் ஐந்து மாதப் பிள்ளை, ராத்திரியெல்லாம் நின்றே வேலை பார்த்துவிட்டுப் பகலில் அரைத்தூக்கம் தூங்குகிற மனுஷன். இங்கே இவள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் உண்மையைச் சொல்வதானால், அந்த நாலு மாதத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான். பிள்ளை பால் கேட்கும், வீடு வேலை கேட்கும், படிக்க வருகிற பெண்கள் சந்தேகம் கேட்பார்கள், சாலை என் தொடையைக் கேட்கும். அந்த அரை மணி மட்டும் எனக்கே எனக்கு. திருட்டுத்தனமாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் இனித்தது. அதைக் கொடுத்தது மேகாத்து. காற்று இல்லாத நாளில் அதே சாலைக்கு ஒன்றே கால் மணி ஆகும், உட்கார முடியாது.

அன்றைக்குப் புரட்டாசி பாதி தாண்டியிருந்தது. காலையில் போகும்போது காற்று எப்போதும்போல முகத்தில்தான் இருந்தது. கொஞ்சம் இளைத்த மாதிரி தோன்றியது. மேகாத்து ஒரேயடியாக நிற்காது, பத்து நாள் இளைத்து இளைத்துத்தான் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அதனால் பயமில்லை.

மூன்றரைக்கு வகுப்பு முடிந்தது. உறை மாட்டினேன். நாற்காலி போட்டேன். ஜன்னல் சத்தம் போடவில்லை. கயிறு தளர்ந்து தொங்கியது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து வெளியே போய்ப் பார்த்திருக்க வேண்டும். இந்த ஊரில் பிறந்த நாலு வயதுப் பிள்ளைகூட அதைச் செய்யும். நான் என்ன செய்தேன் என்றால், அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். சத்தமில்லாமல் இருந்தது சுகமாக இருந்தது. கண்ணைக்கூட மூடினேன். நாலு பத்துக்குப் பூட்டிவிட்டுப் படியிறங்கினேன்.

சைக்கிளை நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்ததும் முந்தானை முகத்தில் வந்து அடித்தது. விலக்கினேன், மறுபடி அடித்தது. எதிரே டீக்கடை அடுப்புப் புகை வருசநாட்டு மலையைப் பார்த்துச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. நாலு மாதமாக அந்தப் புகை இந்தப் பக்கம்தான் சாயும். மலைமேல் வானம் கறுத்துக் கிடந்தது. காற்று திரும்பிவிட்டது. 

"வாடை எறங்கிருச்சு டீச்சரு" என்றார் டீக்கடைக்காரர். "மூணு மணிக்கே மாறிருச்சே. நீங்க பாக்கலையா?"

சைக்கிளில் ஏறினேன். நிலையத்தில் போன் கிடையாது, எங்கள் வீட்டிலும் கிடையாது. சொல்லி அனுப்பவும் வழியில்லை. எழுபது நிமிஷம் இருந்தது. எதிர்க்காற்றில் எனக்கு வேண்டியது நூற்றைந்து. போகும்போது ஆகிற நேரம் வரும்போதும் ஆகும், அவ்வளவுதான். ஒருவேளை புதுக்காற்று அவ்வளவு வேகமாக இருக்காது, ஒருவேளை இறக்கங்களில் பிடித்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிதித்தேன்.

இறக்கம் இறக்கமாக இல்லை. வழக்கமாகக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிற முதல் சரிவில் நான் நின்றுகொண்டு மிதிக்க வேண்டியிருந்தது. முந்தின நாள் வரை என் முதுகைத் தள்ளிய சாலை இப்போது பின்னாலிருந்து கேரியரைப் பிடித்து இழுத்தது. செயின் கவர் கறகறவென்று உரசியது. செம்மண் கண்ணில் விழுந்தது. முதல் நிழலுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் வருகிற இடத்துக்கு இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. என்மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. நாற்காலி போட்டா உட்கார்ந்தாய், மகாராணி, இப்போது மிதி என்று சத்தமாகவே சொன்னேன்.

இரண்டாவது ஏற்றத்தில் பின்னாலிருந்து ஒரு லாரி வந்தது. தேங்காய் மட்டை ஏற்றி, இரண்டு பக்கமும் பிதுங்கி, ஊர்ந்து வந்தது. என்னைத் தாண்டியதும் திடீரென்று காற்று நின்றுபோனது. லாரியின் முதுகுக்குப் பின்னால் காற்றே இல்லை. ஒட்டினாற்போல மிதித்தேன். மட்டை கட்டிய கயிற்றின் முனை ஒன்று பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தேன். நான் செய்த காரியங்களில் கேவலமானது அதுதான் என்று நினைக்கிறேன். சைக்கிள் தானாக ஓடியது. ஏற்றம் முடிந்தது. லாரி வேகம் எடுத்தது. மட்டைத் தூசியில் முன்னால் சாலை தெரியவில்லை. லாரியின் பின் சக்கரம் ஒரு குழியில் தடாலென்று விழுந்து எழுந்ததைப் பார்த்தபோதுதான், அடுத்தது என் சக்கரம் என்று புரிந்தது. கயிற்றை விட்டேன். முன்சக்கரம் குழியின் ஓரத்தில் ஏறி, வளைந்து, மண்ணில் போய் நின்றது. நான் விழவில்லை.  விழுந்திருந்தால், பிள்ளைக்காரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள் என்று மறுநாள் யாராவது மாமாவிடம் சொல்லியிருப்பார்கள்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. பாதிக்கு மேல் வந்திருந்தேன். லாரி எனக்குப் பத்து நிமிஷத்தையாவது மிச்சம் பண்ணியிருக்கும். உயிரைக் கொடுத்து மிதித்தால் ஐந்தரைக்குப் போய்விடலாம். வேன் டிரைவர் பத்து நிமிஷம் நிற்க மாட்டாரா? நிற்பார் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். அவரைக் கேட்காமலே.

அடுத்த வளைவு திரும்பினால் ஓடைத் தரைப்பாலம். பாலம் என்று பேர்தானே தவிர, ஓடைக்குக் குறுக்கே போட்ட சிமெண்டுத் தளம்தான். நான் அந்தச் சாலையில் போன நாளெல்லாம் அதில் தண்ணீரைப் பார்த்தது மூன்று தடவையோ நாலு தடவையோ. தலைக்குமேல் அன்றைக்கும் ஒரு பொட்டு மழை இல்லை. ஆனால் வளைவுக்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. வண்டி வருகிற சத்தம் என்று ஓரம் ஒதுங்கினேன். வண்டி வரவில்லை. வளைவு திரும்பிப் பார்த்தால் தளம் முழுக்கச் சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, முள்ளும் சருகும் ஒரு செத்த கோழியுமாக. மலையில் பெய்தது இறங்கிவிட்டிருந்தது.

இந்தக் கரையில் ஒரு ஆட்டுக்காரர் மட்டும் நின்றார். ஐம்பது வயது இருக்கலாம். ஆடுகளுக்குக் கிளை வளைத்துக் கொடுக்கிற நீளமான தொரட்டியைத் தோளில் சாத்தியிருந்தார். அவருடைய ஆட்டில் பாதி அந்தக் கரையில் நின்று கத்தியது, பாதி இவரைச் சுற்றி நின்றது.

"நில்லு ஆத்தா" என்றார். "மலைத்தண்ணி. வந்த வேகத்துல போயிரும். ஒரு அரை மணி இங்கன உக்காரு."

அரை மணி உட்காரு என்று அவர் சொன்னதும் எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வந்தது. "என்னால முடியாதுண்ணே" என்றேன். "புள்ளயக் கொடுத்துட்டு வீட்டுக்காரரு வேலைக்குப் போகணும். வேன் வந்துரும்."

"வேன் நாளைக்கும் வரும்."

"நாளைக்கு வராது."

தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும்போலத் தோன்றியது. தளம் எனக்குத் தெரியும், அகலம் தெரியும், எங்கே உடைந்திருக்கிறது என்பதும் தெரியும். சைக்கிளைத் தண்ணீர் வருகிற பக்கமாக வைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஐந்தாறு எட்டு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் தண்ணீர் சக்கரத்துக்குள் புகுந்தது. கம்பிகளுக்குள் முள்ளும் சருகும் வந்து அடைய, சைக்கிள் ஒரு கதவுபோல ஆகி என்மேல் சாய்ந்தது. என்னை ஓரத்துக்குத் தள்ளியது. அதை விட்டுவிட்டால் நான் தப்பலாம். விட எனக்கு மனசு வரவில்லை. சைக்கிள் போனால் வேலை போகும் என்று அந்த நேரத்திலும் ஓடியது என் புத்தி. தளத்தின் விளிம்பு என் குதிகாலுக்குத் தட்டுப்பட்டது. அதற்கு அப்பால் ஆளுயரப் பள்ளம்.

கேரியரில் ஏதோ வந்து மாட்டியது. தொரட்டியின் கொக்கி. ஆட்டுக்காரர் கரையில் ஒரு கல்லில் காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு இழுத்தார். "சைக்கிளப் பிடிச்சுக்கிட்டே வா. விட்ராத. கையெடுக்காத" என்றார். சைக்கிளும் நானும் ஒன்றாகப் பின்னால் வந்தோம். கரையில் ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கொக்கியை நிதானமாகக் கழற்றினார். அதன் பிறகு திட்டினார். "கூறு இருக்கா உனக்கு? புள்ள பெத்தவதான நீயி? நீ போயிட்டா அந்த வேனு வந்து பால் குடுக்குமா?"

என் ரவிக்கை நனைந்திருந்தது, தண்ணீரால் அல்ல. ஐந்து மணிக்குப் பிள்ளைக்குக் கொடுக்கிற பால். நேரம் ஆனதும் உடம்பு தானாகச் சொல்லிவிடும். அவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். துண்டை எடுத்து என் பக்கமாகப் போட்டார். அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, அதைவிட மார்பு வலித்தது.

"வீட்ல வைவாகளா?" என்று கேட்டார், குரலை இறக்கி.

"வைய மாட்டாரு" என்றேன். அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. வைகிற ஆளாக இருந்திருந்தால் நான் பொய்யே சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ.

ஐந்து இருபது ஆனபோது நான் அந்தக் கரையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து இருபத்தைந்து. ஐந்தரை. தண்ணீர் அவர் சொன்ன மாதிரியே வந்த வேகத்தில் வடிந்தது. முதலில் தளத்தின் நடுமுதுகு தெரிந்தது, அப்புறம் ஓரக்கற்கள். பக்கத்தில் ஆடுகள் என் நனைந்த சேலையை முகர்ந்தன. அதே அரை மணிதான். நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்த அதே நீளம். இங்கேயும் ஒன்றும் செய்யாமல்தான் இருந்தேன்.

அவர் முதலில் இறங்கித் தொரட்டியால் தளத்தைக் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தார். பின்னாலேயே நான். அந்தக் கரையில் துண்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "மெதுவாப் போ ஆத்தா, இனிமே என்ன அவசரம்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது அடி மாதிரி விழுந்தது.

மெதுவாகப் போகவில்லை. ஆறு மணிக்குத்தானே கேட், யாராவது மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள், பிள்ளையை யாராவது வாங்கியிருப்பார்கள், யாராவது, யாராவது என்று மிதித்தேன். ஈரச் சேலை காலைக் கட்டியது. காற்று கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. வெளிச்சம் போகிற நேரத்தில் ஊர் முகப்புப் புளியமரங்கள் தெரிந்தன. முதல் மரத்தடியில் ஒரு ஆள். நீல மில் சட்டை. காலடியில் சாப்பாட்டுத் தூக்குவாளி. தோளில் பிள்ளை. அது அழுது அழுது குரல் கட்டிப்போய், நான் கிட்ட வந்த பிறகுதான் சத்தமே கேட்டது.

"வேன் போயிருச்சா மாமா?"

"அஞ்சரை வரைக்கும் நின்னாக" என்றார். "டிரைவரு ஆரன் அடிச்சுக்கிட்டே இருந்தாரு. உள்ள இருந்தவுக சத்தம் போட்டாக. போச்சு."

போச்சு என்று அவர் சொன்னது வேனை மட்டும் இல்லை. மறுநாள் அவர் போய் நின்றபோது அந்த மெஷினில் வேறு ஆள் நின்றிருந்தார். ஒன்றரை மாதம் கழித்துத்தான், வேறொரு இடத்தில், அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று கிடைத்தது.

மரத்தின் பின்னால், சாலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். கோபத்தோடு குடித்தது. மாமா காற்றுக்கு மறைவாக நின்றார். என் சேலையில் செம்மண் தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று பார்த்தார். எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

"மூணு மணிக்கு எந்திரிச்சேன்" என்றார். "கொடியில புள்ளத் துணியெல்லாம் அந்தப் பக்கமாப் பறந்துச்சு. சரி, இன்னைக்கு லேட்டாயிரும்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அந்த மனுஷன் மூன்று மணியிலிருந்து எனக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் மூன்றரைக்கு நாற்காலி போட்டேன். இதற்குமேல் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "வகுப்பு மூணரைக்கே முடிஞ்சிரும் மாமா" என்றேன். "நாலு மணின்னு சொன்னது பொய்யி. அரை மணி சும்மா உக்காந்திருப்பேன். இன்னைக்கும் உக்காந்திருந்தேன். அதான்."

"தெரியும்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஆவணியிலயே தெரியும். உங்க நிலையத்துக்காரரச் சந்தையில பாத்தேன். மூணரைக்கே விட்டுர்றோம், உங்க வீட்ல வெளிச்சத்தோட வந்துர்றாகளான்னு கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாள் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் வெட்கப்பட்டு மறுநாளிலிருந்து மூன்றரைக்கே கிளம்பியிருப்பேன். இன்றைக்கு வேலை போயிருக்காது. "தெரிஞ்சா கேக்க வேண்டியதுதான?" என்று கத்தினேன். பிள்ளை பயந்து வாயை எடுத்தது. "ஏன் கேக்கல?"

அவர் தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டார். சைக்கிளை நிமிர்த்தி, சக்கரக் கம்பியில் சிக்கியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்.

"கேட்டா நீ அப்பறம் உக்காந்திருக்க மாட்டேல்ல" என்றார்.

வீட்டுக்கு நடந்தே போனோம். அவர் சைக்கிளைத் தள்ளினார், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். மில்லுக்கு என்று கட்டிய சோற்றை ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம்.

இரண்டு நாள் கழித்து நான் வேலைக்குக் கிளம்பியபோது, சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து வாசலில் வைத்திருந்தார். "இனி அஞ்சு மணிக்குள்ள வரணும்னு ஒண்ணுமில்ல" என்றார். "நான் வீட்லதான் இருக்கேன். இருந்துட்டு வா."

அன்றைக்கு மூன்றரைக்குக் கடைசிப் பெண் படியிறங்கிப் போனதும் மெஷின்களுக்கு உறை மாட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம்கூட முடியவில்லை. நாற்காலியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.